சிற்பக்கூடத்தில் நான் பார்த்தது

என் மரகத ராத்தாவுக்கு,

ஜைனபு எழுதுகிறேன். எங்கள் முத்துப்பேட்டையில் அக்காவை ராத்தா என்போம் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அன்றிலிருந்து தன்னையும் அப்படியே கூப்பிடச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டவர் நீங்கள். நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தால் இப்போதும் நீங்கள்தான் என்று எழுந்துவிடுகிறேன்.

உங்கள் பதினாறாம் நாளுக்கு ராமநாதபுரம் வந்திருந்தேன். உங்கள் மகன் மதியழகன் என்னை முன்வரிசையில் உட்காரவைத்தான். உங்களிடம் படித்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். கடைசியில் அவன் என் பக்கம் திரும்பி, "அம்மாவ இந்தப் பக்கம் மாத்தினப்ப ஜைனபு அத்தைதான் ஒத்தாசையா இருந்தாங்கன்னு எப்பவும் சொல்லுவாங்க. நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க அத்தை" என்றான். எழுந்து நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள்.

ஒத்தாசையா, ராத்தா? நானா? அவனிடம் ஏன் அப்படிச் சொல்லி வைத்தீர்கள்?

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இதை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். அவர்களுக்கு விளங்க வேண்டும்.

அறுபத்தேழில் ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருவிடைமருதூரில் ஒரு மாடி அறையை நாம் இருவரும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தினமும் பஸ்ஸில் அந்தக் கிராமத்துப் பள்ளிக்குப் போய்வந்தோம். நீங்கள் டிராயிங் டீச்சர். நான் அறிவியல். எனக்கு அது முதல் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. உங்கள் அப்பாவும் அம்மாவும் திருவாரூர்ப் பக்கம் பண்ணையில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அதை நீங்கள் யாரிடமும் மறைத்ததில்லை. ஆசிரியர் அறையில் அதற்காகச் சிலர் உங்களோடு டீ குடிக்காமல் இருந்ததையும் நீங்கள் பெரிதுபடுத்தியதில்லை.

அந்த வருஷம் சம்பா அறுவடையின்போது கூலித் தகராறு முற்றிப்போயிருந்தது. நெல் கூட்டிக் கொடுத்தால்தான் வயலில் இறங்குவோம் என்று கீழத்தெரு ஆட்கள் வரப்பில் செங்கொடியை நட்டார்கள். மேலத்தெரு மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. அறுப்பு முடியும்வரை நம் பள்ளி வராந்தாவில் போலீஸ்காரர்கள் தங்கியிருந்தார்கள். நாம் வேப்பமரத்தடியில் பாடம் நடத்தினோம். இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே மரத்தடியில், நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த மாசி மாதத்தில்தான் பிள்ளைகளைத் தஞ்சாவூர் சிற்பக்கூடத்துக்கு அழைத்துப்போக வேண்டும் என்று கிளம்பினீர்கள். "எத்தனை நாளைக்குத்தான் கத்தரிக்காயையும் குடத்தையும் வரைவாங்க இவங்க?" என்று தலைமையாசிரியரிடம் கேட்டீர்கள். அதற்கு முன்பும் பள்ளியில் சுற்றுலா போயிருக்கிறார்கள். ஆனால் மேலத்தெருப் பிள்ளைகள் மட்டும்தான். நீங்கள் கீழத்தெருவுக்கு வீடு வீடாகப் போய்ப் பெற்றவர்களிடம் பேசிப் பதினொரு பிள்ளைகளைச் சேர்த்துவிட்டீர்கள். மேலத்தெருவிலிருந்து உடனே ஆள் வந்தது, அந்தப் பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்காரவைக்கச் சொல்லி. நீங்கள் பஸ் வாசலில் நின்றுகொண்டு எல்லாரையும் உயர வரிசையில் நிறுத்தினீர்கள். குட்டைப் பிள்ளைகள் முன்னால், நெட்டைப் பிள்ளைகள் பின்னால். யாருக்கும் மறுபேச்சுப் பேச வழியில்லை.

வகுப்பிலேயே குட்டையானவர்கள் இரண்டு பேர். ஒருத்தி பத்மா, பெரிய மிராசுதாரின் மகள். இன்னொருத்தி செல்வி, அந்த மிராசுதாரின் வயலிலேயே வேலை பார்த்த கோவிந்தனின் மகள். கோவிந்தன் அப்போது தகராறு வழக்கில் ஜாமீனில் வெளியே வந்திருந்தார். இரண்டு பெண்களும் முதல் சீட்டில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். பாபநாசம் தாண்டியதும் செல்விக்கு வாந்தி வந்துவிட்டது. அவ்வளவு தூரம் அவள் பஸ்ஸில் வந்ததே இல்லை. பத்மாதான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, தான் கொண்டுவந்திருந்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்துபார்க்கக் கொடுத்தாள். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்கள்.

சிற்பக்கூடத்தில் பிள்ளைகள் முதலில் பேசவே பயந்தார்கள். பிறகு ஆளுக்கொரு சிலை முன்னால் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தார்கள். ஒரு மூலையில் கல்லில் செய்த அம்மன் நின்றாள். மூக்கு உடைந்திருந்தது. கீழே இருந்த பலகையில் நம் ஊரின் பெயர் எழுதியிருந்ததைப் பத்மாதான் முதலில் வாசித்தாள். அவள் போட்ட சத்தத்தில் எல்லாரும் ஓடிவந்தார்கள். அவள் தாத்தா காலத்தில் கோயில் குளத்தைத் தூர் வாரியபோது கிடைத்த சிலை அது. மூளியான சிலையை வைத்துக் கும்பிட முடியாது என்று ஊர்க்காரர்களே எடுத்துப்போகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் "எங்க அம்மன்" என்று மேலத்தெருவில் கதை இருந்தது.

கீழத்தெருப் பிள்ளைகள் நம் ஊர்க் கோயிலின் உள்ளே இருக்கும் அம்மனைப் பார்த்ததே இல்லை. சட்டம் போகலாம் என்றுதான் சொன்னது. போன பிறகு வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்? செல்வி அந்தச் சிலையை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். அவளுக்கும் அம்மனுக்கும் நடுவே ஒரு முழத் தூரம்கூட இல்லை.

பத்மா குனிந்து அம்மனின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதைப் பார்த்துவிட்டு செல்வியும் தொட்டு ஒற்றிக்கொண்டாள். ஒரு நொடியில் முடிந்துபோன விஷயம். காவலுக்கு இருந்தவர் வந்து, "தொடக் கூடாது பாப்பா, கை எண்ணெய் பட்டா கல்லு கறுத்துரும்" என்று இரண்டு பேரையும் சேர்த்துத்தான் சொன்னார். நீங்கள் அந்தச் சமயத்தில் அங்கேயே இல்லை. வாசல் பக்கம் நின்று தலை எண்ணிக்கொண்டிருந்தீர்கள். நான் நான்கடி தள்ளி நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

பத்மா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். நம்ம அம்மனைப் பார்த்தோம், நானும் செல்வியும் தொட்டுக் கும்பிட்டோம் என்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அவளுக்கென்ன தெரியும்? ஒரு வாரத்தில் உங்கள்மேல் புகார் போய்விட்டது. தகராறு நடக்கிற நேரத்தில் டிராயிங் டீச்சர் வேண்டுமென்றே கீழத்தெருப் பிள்ளைகளை அழைத்துப்போய் அம்மனைத் தொடவைத்தார், கலகத்தைத் தூண்டினார் என்று அதில் இருந்தது. பத்மா தொட்டது அதில் இல்லை. மூளியான சிலை என்பதும் இல்லை.

விசாரணைக்கு அதிகாரி வந்த அன்று காலையில் தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இது சாமி விவகாரம்மா. நீங்க வேற ஆளுங்க. இதுல நீங்க வாயக் கொடுத்தா நாளைக்கு உங்க மேல திரும்பும். வேலை இன்னும் பர்மனென்ட் ஆகல, ஞாபகம் வச்சுக்குங்க" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்தவர். எனக்கும் பயம் ஒட்டிக்கொண்டது. என் வாப்பா அப்போது கை கால் இழுத்துப் படுக்கையில் கிடந்தார். கடையை மூடியாகிவிட்டது. தம்பிகள் படித்துக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் இப்போது எழுதும்போது எனக்கே சாக்குப்போல இருக்கிறது. அன்று எனக்கு அது சாக்காக இல்லை, ராத்தா.

நீங்கள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க கூடப் போனவங்க. அந்தப் பிள்ளையைத் தொடச் சொன்னது இவங்களா?"

"நான் கவனிக்கல சார்" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்து வந்தோம். அறைக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நீங்கள் ஒன்றே ஒன்று சொன்னீர்கள். "உனக்கு வேலை வேணும் ஜைனபு. எனக்கும் வேணும்தான்." அதற்குப் பிறகு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டீர்கள். இத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சை நீங்கள் மறுபடி எடுத்ததே இல்லை. நானும் எடுக்கவிடவில்லை.

மூன்றாம் வாரம் மாற்றல் உத்தரவு வந்தது. ராமநாதபுரம் சீமையில் ஒரு வறண்ட ஊர். காவிரித் தண்ணீரிலேயே வளர்ந்த உங்களுக்கு அங்கே குடிதண்ணீருக்கு மூன்று கல் தூரம் நடக்க வேண்டியிருந்தது. அங்கேயே கல்யாணம் முடித்து, அங்கேயே ஓய்வு பெற்று, அங்கேயே போய்விட்டீர்கள். உங்கள் அம்மா இறந்தபோது வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். அதுவும் என் கணக்கில்தான் வரும். நம் பள்ளியில் நான் இருந்தவரை அதற்குப் பிறகு யாரும் பிள்ளைகளை எங்கும் அழைத்துப்போகவில்லை.

நான் கெடுத்தது உங்கள் ஒருவரின் வாழ்க்கையைத்தான் என்று போன மாதம் வரைக்கும் நினைத்திருந்தேன்.

போன மாதம் செல்வி என்னைத் தேடி வந்தாள். அடையாளம் தெரியவில்லை. திருவாரூரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறாள். தலை முழுக்க நரை. நீங்கள் போன செய்தி அவளுக்குத் தாமதமாகத்தான் தெரிந்திருக்கிறது. காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "ஒன்னு கேக்கணும் டீச்சர். அன்னைக்கு நான் கைய வைக்காம இருந்திருந்தா அவங்க நம்ம ஊர்லயே இருந்திருப்பாங்கல்ல?"

எனக்குப் புரியச் சற்று நேரமானது. நீங்கள் மாற்றலாகிப் போன அன்று தெருவில் யாரோ அவளிடம், உன் கை பட்டதால்தான் டீச்சரைத் தூக்கியடித்தார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதை அப்படியே நம்பி, கிழவியாகும்வரை சுமந்திருக்கிறாள். "எம் பொண்ண ஸ்கூல் டூருக்கு ஒரு தரம்கூட அனுப்புனதில்ல டீச்சர். ஒவ்வொரு வருஷமும் காய்ச்சல்னு லெட்டர் எழுதிக் கொடுத்துருவேன். அது அழுவும். இதுனாலதான்னு அதுக்கிட்ட நான் சொன்னதில்ல" என்றாள்.

அப்போதுதான் சொன்னேன், ராத்தா. வாழ்க்கையில் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

"நான் பாத்தேன் செல்வி. பத்மாதான் முதல்ல தொட்டா. நீ அதைப் பாத்துத்தான் செஞ்ச. டீச்சர் அங்க இல்லவே இல்ல. விசாரணையில என்னைக் கேட்டாங்க. கவனிக்கலைன்னு சொல்லிட்டேன்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காப்பியைக் கீழே வைத்தாள். தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். "அப்பவே சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றாள், ரொம்ப மெதுவாக. பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டாள். வாசல் வரைக்கும் கூடப் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

செல்வி சுமந்ததை நீங்கள் இருந்தபோதே நான் சொல்லிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? செல்விக்கு ஒரு கடிதமாவது போட்டிருப்பீர்களா? மதியழகனிடம் என்னை நல்லவளாகச் சொன்னது மன்னிப்பா, இல்லை அவன் மனதில் ஒரு சிநேகிதியாவது உங்களுக்கு இருக்கட்டும் என்றா? யாரிடம் கேட்பேன் இனி?

நம் பள்ளியில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். இப்போதைய தலைமையாசிரியை பழைய ஆசிரியர்களிடம் ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார். நான் தரப்போவது இந்தக் கடிதம்தான். ஒரு வரியை எடுக்கச் சொன்னாலும் தர மாட்டேன், நானே அச்சடித்து இரண்டு தெருவிலும் கொடுப்பேன். அதற்கு முன்னால், வரும் வெள்ளிக்கிழமை ராமநாதபுரம் பஸ் ஏறுகிறேன். உங்கள் மகன் எதிரில் உட்கார்ந்து இதை நானே வாசித்துக் காட்டுவேன். அதற்கப்புறமும் அவன் என்னை அத்தை என்று கூப்பிடுவானா என்பது அவன் விருப்பம். பாதியில் நிறுத்த மாட்டேன், ராத்தா. இது சத்தியம்.

உங்கள் பக்கத்தில் நின்றிருக்க வேண்டிய தங்கச்சி,
ஜைனபு