பலகை போட்ட நாள்

வவுணதீவு,
12.2.1937

அன்புள்ள இன்னாசிக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் நானும் ஹிதாயாவும் எங்கள் புடவைக் கடையும் சுகம். உன் சுகத்தை உன் தம்பி நெவிலிடம் கேட்டுத்தான் அறிகிறேன். கொழும்புக்குப் போனதும் தமிழ் எழுத்து மறந்துபோயிற்றா, அல்லது தபால்காரன் உன் கடிதங்களை வாவியில் போட்டுவிடுகிறானா?

நேற்று நெவில் வந்து என் வண்டியின் பின்சில்லைத் திருத்தித் தந்தான். அப்போது ஒரு செய்தியும் சொன்னான். நடக்க இயலாதவர்களுக்கு அரசாங்கம் செய்யும் போக்குவரத்து உதவிகளைத் திருத்த ஒரு குழு போட்டிருக்கிறார்களாம், அதற்கு நீதான் கிளாக்கராம். அன்று முழுவதும் கடைக்கு வந்தவர்களிடம் சீத்தைத் துணிக்கு விலை சொல்வதை விட்டு இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

காய்ச்சல் என் கால்கள் இரண்டையும் கொண்டுபோன பிறகு பள்ளிக்கூடம் எனக்கு இல்லை என்று வாப்பாவே முடிவு கட்டிவிட்டார். உன் அப்பா தன் தச்சுப் பட்டறையில் அந்த மூன்று சில்லு வண்டியைச் செய்து தரும் வரை நீதான் என்னை முதுகில் பள்ளிக்கூடத்துக்குச் சுமந்தாய். இந்தக் காரியத்தை எழுத உன்னைவிட யாருக்கு உரிமை இருக்கிறது?

எங்கள் துறை உனக்குத் தெரியும். வாவியைக் கடந்து டவுனுக்குப் போகும் பாதைப் படகு கரையை ஒட்டி நிற்காது, இடையில் சேறு. அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் கந்தப்போடியும் அவர் மருமகனும்தான் என்னையும் வண்டியையும் தூக்கிப் படகில் வைக்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் டவுனுக்குப் போய்ச் சரக்கு எடுக்க எனக்கு வழியில்லை. நல்ல மனிதர்கள்தான். ஆனாலும் ஊர் பார்க்க நெல்மூட்டையாகப் போவது எனக்கு வெட்கமாக இருக்கிறது. கல்லால் ஒரு சரிவு கட்டினால் நானே உருட்டி ஏறிவிடுவேன். உன்னிச்சை ஊரில் நடக்க இயலாத கண்ணகைக்கு வண்டிகூட இல்லை. அண்ணன்காரன் அவளைச் சாக்கில் இருத்திச் சுமந்துதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறான். அப்படிப்பட்டவர்களுக்கு அரசாங்கமே வண்டி கொடுக்கட்டும் என்று எழுது.

உன் மாறாத,
உசனார்


கொழும்பு,
3.3.1937

என் பிரியமுள்ள உசனாருக்கு,

உன் கடிதத்தைப் படித்து அலுவலகத்தில் தனியே சிரித்தேன். பக்கத்து மேசைக்காரன் என்னைப் பயத்துடன் பார்த்தான். எழுதாதது என் பிழை. இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது.

நல்ல செய்தி கேள். குழுவின் துரைமார் மே மாதம் மட்டக்களப்புக்கு வருகிறார்கள். உங்கள் துறைக்கும் அழைத்து வருகிறேன். நான் சொல்கிறபடி செய். அன்றைக்கு மட்டும் கரையிலிருந்து படகுக்கு நல்ல தடித்த பலகை போடச் சொல். நீ யாருடைய கையும் படாமல் வண்டியை உருட்டி ஏறு. ஒரு சரிவு இருந்தால் ஒரு மனிதனுக்கு என்ன முடியும் என்பதை அவர்கள் கண்ணால் காணட்டும். பிறகு உன் வீட்டில் அவர்களுக்குப் பகல் சாப்பாடு. அதன் பின் பலகையை எடுத்துவிட்டு, வழக்கமாக எப்படிப் போகிறாய் என்று காட்டுவோம்.

நல்ல சட்டையும் தொப்பியும் போட்டுக்கொள். நீ ஒரு வியாபாரி என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஹிதாயாவின் வட்டிலப்பத்தைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன்.

உன்,
இன்னாசி


வவுணதீவு,
24.5.1937

அன்புள்ள இன்னாசிக்கு,

துரைமார் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்களா? வட்டிலப்பத்தை மூன்றாம் முறை கேட்ட அந்தச் சிவந்த கழுத்துத் துரையின் வயிறு எப்படி இருக்கிறது என்று ஹிதாயா கவலைப்படுகிறாள்.

நீங்கள் வருகிறீர்கள் என்றதும் ஊரே துறையில் நின்றது உனக்குத் தெரியாது. வயல் வட்டைக்குள் வேலை செய்தவர்களும் வந்தார்கள். வயலில் காவல் வாடி கட்ட வைத்திருந்த பாலைமரப் பலகைகளை ஒருவர் கொடுத்தார். பலகை அசையாமலிருக்க இரண்டு பக்கமும் மண் போட்டு இறுக்கினார்கள். கந்தப்போடி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, "இண்டைக்கு உன்னைத் தூக்க நான் வரல்ல, பாக்க வந்திருக்கன்" என்றார். நான் பலகையில் ஏறிப் படகில் போய் நின்றபோது அவர்தான் முதலில் கை தட்டினார். என் கண் கலங்கியது. அதை நீயும் பார்த்தாய்.

ஒரு குறை மட்டும் மனதில் கிடக்கிறது. பலகையை எடுத்துச் சேற்றைக் காட்டவில்லையே. சாப்பாடு முடிந்ததும் நான் உன்னைப் பார்த்தேன். நீ கடிகாரத்தைப் பார்த்தாய். எங்கள் வீட்டில் கை நனைத்த விருந்தாளியிடம் அதன் பிறகு குறை சொல்வது எங்களுக்கு வழக்கமில்லை, அதனால் நானும் வாய் திறக்கவில்லை. ஹிதாயா கதவுக்குப் பின்னால் நின்று, "சொல்லுங்களன், போகப்போறாங்க" என்றாள். "இன்னாசி இருக்கான், அவன் எழுதுவான்" என்றேன்.

பலகைகளை மறுநாளே எடுத்துவிட்டோம். கொடுத்தவருக்கு வாடி கட்ட வேண்டும்.

உன் மாறாத,
உசனார்


கொழும்பு,
2.8.1937

அன்புள்ள உசனாருக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். குழுவின் அறிக்கை கையளிக்கப்பட்டுவிட்டது. உன்னைப் பற்றித் துரைமார் மிக உயர்வாகப் பேசினார்கள். அறிக்கையிலும் உன்னைக் குறித்துச் சில வரிகளில் ஒரு பந்தி இருக்கிறது. முடிவுகள் மேலிடத்தில் இருப்பதால் நான் அதிகம் எழுதக் கூடாது.

எனக்குத் தலைமைக் கிளாக்கர் பதவி கிடைத்திருக்கிறது. அம்மாவிடம் நெவில் சொல்லியிருப்பான். ஹிதாயாவுக்கு என் அன்பு.

இக்னேஷியஸ்


வவுணதீவு,
19.10.1937

இன்னாசிக்கு,

சுகம் விசாரிக்க மனமில்லை.

இந்த மாதம் முதலாம் தேதி துறைக்குப் போனேன். கந்தப்போடியும் இல்லை, மருமகனும் இல்லை. இரண்டு பேரையும் நிறுத்திவிட்டார்களாம். துறை ஓவசியர் குடையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "உனக்கென்ன உசனார் காக்கா, நீதான் ஆள் உதவி இல்லாம பாதைப் படகில ஏறுவியாமே. தொரமார் நேர பாத்தவங்களாம். மறுகா என்னத்துக்குத் தூக்குறதுக்கு ஆளும் சம்பளமும்?" என்றார்.

சரிவு எங்கே என்று கேட்டேன். அது தேவையில்லை என்று எழுதியிருக்கிறதாம். கண்ணகையைப் போன்றவர்களுக்கு வண்டி எங்கே என்று கேட்டேன். உள்ளூர்த் தச்சர்களே நல்ல வண்டி செய்து கொடுக்கிறார்களாம், அரசாங்கம் கொடுக்க வேண்டியதில்லையாம். உன் அப்பா ஒரு பிள்ளையின் மேல் இரக்கப்பட்டு இலவசமாகச் செய்த வண்டியைக் காட்டி ஊரிலுள்ள முடவர்கள் எல்லாருடைய வாயையும் அடைத்துவிட்டாய். அவர் உயிரோடு இருந்திருந்தால் இதை அவரிடம் சொல்லியிருப்பேன்.

போன கிழமை கண்ணகையைக் கொண்டுவந்தார்கள். அண்ணனுக்குக் காய்ச்சல், அயலவர் ஒருவர்தான் மாட்டுவண்டியில் ஏற்றி வந்தார். சேற்றில் அவளைத் தனியே தூக்க அவரால் இயலவில்லை. படகுக்காரனுக்கு நேரம் தவற முடியாதாம். நான் என் வண்டியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு எதற்கு உதவுவேன்? அவள் என்னைப் பார்த்து, "உங்கட கூட்டாளி எழுதினவராமே" என்றாள். அப்படியே திரும்பிப் போனாள்.

கடையில் சரக்கு இல்லை. தீபாவளிக்குத் துணி எடுக்க வருகிறவர்கள் வெறும் தட்டுகளைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஒன்றைத்தான் கேட்கிறேன். பலகை ஒரு நாளைக்குத்தான் என்று உனக்குத் தெரியும். போடச் சொன்னதே நீ. அந்தப் பந்தியை எழுதியது யார்?

உசனார்


கொழும்பு,
30.11.1937

என் அன்புள்ள உசனாருக்கு,

நீ கோபத்தில் இருக்கிறாய். பந்தியை நான்தான் எழுதினேன், ஆனால் துரைமார் கண்டதைத்தான் எழுதினேன். காணாததை எழுத ஒரு கிளாக்கருக்கு அதிகாரம் இல்லை. செலவைக் குறைக்க வேண்டும் என்பது முதல் நாளே அவர்களின் எண்ணம். நான் எதிர்த்திருந்தால் என் இடத்தில் வேறொருவன் இருந்து இதையே எழுதியிருப்பான். உன்னைப் பற்றி ஒரு குறைச்சொல்கூட நான் எழுதவில்லை. உழைப்பாளி, தன் காலில் நிற்பவர் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

கிறிஸ்மசுக்கு டவுன் வீட்டுக்கு வருகிறேன். அம்மாவுக்கு உடம்பு முன்பு போல இல்லை. பன்றி இறைச்சி படாமல் உனக்கென்று ஒதுக்கிவைத்த அந்தச் சட்டியை இப்போதே கழுவிக் கவிழ்த்துவிட்டாவாம். எந்த வருஷமும் தவறாமல் வந்தவன் நீ. இந்த வருஷமும் வா. முகம் பார்த்துப் பேசினால் எல்லாம் சரியாகும்.

உன்,
இன்னாசி


வவுணதீவு,
16.12.1937

திரு. இக்னேஷியஸ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஹிதாயா இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "அவருக்கு நம்மட வழக்கம் தெரியாதா?" என்று மட்டும் கேட்டாள்.

அதையேதான் நானும் இத்தனை நாளாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். துரைமார் கண்டதை எழுதினாய், சரி. எதைக் காண வேண்டும், எதைக் காணக் கூடாது என்று ஒழுங்கு செய்தது நீ. சேற்றுக்கு முன்னால் சாப்பாட்டை வைத்தாயே, அங்கேதான் என் நெஞ்சு எரிகிறது. எங்கள் வீட்டில் வளர்ந்தவன் நீ. சாப்பிட்ட விருந்தாளியிடம் உசனார் குறை சொல்லமாட்டான் என்று அந்தத் துரைமாருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். வேறு எவனாவது அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்னைப் பேசவிட்டிருப்பான்.

மாமிக்கு, உன் அம்மாவுக்கு, ஹிதாயா தொதல் கிண்டி நெவிலிடம் கொடுத்திருக்கிறாள். மாமியின் மேல் எங்களுக்கு ஒன்றும் இல்லை. அந்தச் சட்டியை இனி எல்லாருக்கும் புழங்கச் சொல்.

கந்தப்போடி உன் வரவைக் கேள்விப்பட்டு நேற்று வந்தார். சம்பளம் இல்லாமலே உன்னைத் தூக்கிப் படகில் வைக்கிறேன், பெருநாள் வீட்டுக்குப் போய்வா என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

யாருடைய உதவியும் இல்லாமல் உசனார் டவுனுக்கு வந்துபோவார் என்று நீ எழுதி, அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே கிறிஸ்மஸ் அன்று நான் வராவிட்டால் சேற்றைக் காரணம் சொல்லி அம்மாவைத் தேற்றாதே. வர முடிந்தும் வர மனமில்லாமல்தான் உசனார் வரவில்லை என்று சொல். அந்த அறிக்கையில் மற்றதெல்லாம் பொய். இது ஒன்று உண்மையாக இருக்கட்டும்.

மு. உசனார்
புடவை வியாபாரி