விதை நெல்லில் எழுந்த மாடி

அன்புள்ள ரெங்கம்மாளுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? மஸ்கட்டில் நான் ராஜா மாதிரி இருக்கிறேன். நேற்று ஏணியிலிருந்து விழுந்தேன், ஏணிக்குத்தான் பலத்த அடி. போனில் கத்தினால் அறையில் ஏழு பேர் விழித்துவிடுவார்கள், அதனால் எழுதுகிறேன்.

உன் பேரில் நான் போட்ட மியூச்சுவல் ஃபண்டில் பாதியை விற்று மாடி கட்டினாயாமே. அது விதை நெல்லடி! அதைத் தொடாமல், விளைவதை மட்டும் எடுத்தே இருவரும் கடைசிவரை சாப்பிடலாம். எங்கள் மேனேஜரே என்னிடம்தான் இதைக் கற்றுக்கொண்டார்.

“மாமா வந்து மாடியில காத்து வாங்கட்டுங்க்கா” என்றானாம் உன் தம்பி செழியன். தையில் வேலையை விட்டு வர இருந்தேன். இனி நாலு வருஷம் ஆகும். உன் முழங்கால் படி ஏறாது. அங்கே யார் உட்காருவது, அவனா?

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் மோர் மிளகாய் கொடுத்துவிடு. கம்பெனி பஸ் வந்துவிட்டது. மாடியிலிருந்து வயல் தெரிந்தால் போட்டோ அனுப்பு.

வீரையன்