கனகு பலகையில் கேட்கும் வார்த்தை

என் அருமை மச்சான் வேலு,

நீ போய் ஏழு வருடம் ஆகிறது. நேற்று தங்கை கனகு வந்திருந்தாள். உன்னைப் புதைத்த இடத்தில் நட்ட பலகையைக் கரையான் தின்றுவிட்டதாம். மூவார் டவுனில் சீனர் தச்சுக்கடையில் புதுப் பலகைக்குச் சொல்லியிருக்கிறாள்.

"அண்ணே, அவரு பேருக்குக் கீழே அந்த இங்கிலீஷ் வார்த்தையும் இருக்கணும். தாள்ல எழுதிக் குடுங்க, கடைக்காரன் பார்த்து வரைவான்" என்றாள்.

எந்த வார்த்தை என்று நான் கேட்கவில்லை. இன்டிஃபாட்டிகபிள். நேற்றிலிருந்து நாலு தாளில் எழுதி, நாலையும் கிழித்துவிட்டேன். உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது. எழுந்து வாசல்வரை போனால், எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை.

உனக்கு நினைவிருக்கிறதா? இருமல் விடாமல், மலைச்சரிவில் ஏறி ரப்பர் பால் வெட்ட முடியாமல், கீழே ஸ்டோரில் லேசான வேலை கேட்டுத் துரைக்கு மனு எழுத என்னிடம் வந்தாய். நான் அப்போது தோட்டத்துப் பள்ளி வாத்தியார். மனு எழுதுகிறவனும் நான்தான். எதைக் கேட்டாலும், முதலில் மனு போடுகிற ஆளைப் பெரிய வார்த்தையில் புகழ்ந்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அந்த வாரம்தான் அகராதியில் எனக்கு இது அகப்பட்டிருந்தது. எங்கே போடலாம் என்று கை துறுதுறுத்தது. உன் மனுவில் உன் பேருக்கே போட்டு வாசித்துக் காட்டினேன்.

"அதுக்கு என்ன அர்த்தம் மச்சான்?" என்றாய்.

வகுப்பில் சொல்வதுபோலவே உதாரணம் சொன்னேன். "எறும்பைப் பாரு. மூவார் ஆத்தைப் பாரு. ராவும் பகலும் ஓடுது, களைச்சு நின்னுச்சா? அதுதான்."

"நான் ஆறு இல்லையே. நாலு படி ஏறினா மூச்சு வாங்குது."

"பெட்டிஷன்னா அப்படித்தான்லா எழுதணும். பேசாம கைநாட்டு வை."

வைத்தாய்.

துரை படித்துவிட்டுச் சிரித்தாராம். பக்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கிராணி உனக்குத் தமிழில் சொன்னாராம்: "களைப்பே தெரியாத ஆளுன்னு நீயே எழுதியிருக்க. அப்புறம் எதுக்குடா லேசு வேலை? மலைக்கே போ."

இதை என்னிடம் சொல்லும்போது நீயும் சிரித்தாய். வேறு மனு எழுதுகிறேன் என்றேன். "வேணாம் மச்சான். இந்த வார்த்தை மலை ஏத்திருச்சு. அடுத்தது எங்க ஏத்துமோ!" என்றாய். அடுத்த மழைக்காலத்தை நீ பார்க்கவில்லை.

கனகுவிடம் மட்டும் ஏன் மாற்றிச் சொன்னாய்? துரையே உன்னை அப்படிப் பாராட்டினார் என்றாயாமே. அவளைத் தேற்றவா, என்னைக் காப்பாற்றவா? என் தங்கை அதை ஒரு எழுத்துப் பிசகாமல் இன்றும் சொல்கிறாள். லயத்து வரிசை வீட்டுப் பெண்களிடம் துரை கொடுத்த பட்டம் என்கிறாள். நானும் ஏழு வருடமாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

எத்தனை பிள்ளைகளுக்கு வார்த்தை சொல்லிக் கொடுத்தேன்! இதன் பொருளும் எனக்குச் சரியாகவே தெரியும். எதிரே நின்ற உனக்கு மூச்சு வாங்கியதைத்தான் நான் பார்க்கவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத நீ அதைக் கேட்டவுடனே சொன்னாய், இது எனக்குப் பொருந்தாது என்று.

தாள் வாங்க ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். மச்சான், இது என் வாக்கு. அவளை உட்காரவைத்து, எழுதியது நான், மலைக்கு அனுப்பியது அந்த வார்த்தை என்று சொல்லிவிடுவேன். அதன்பிறகு அவள் என் வாசலை மிதிக்காமல் போனாலும் போகட்டும். பலகையில் என்ன இருக்க வேண்டும் என்பதை அவள் சொல்வாள். சொன்னதை அப்படியே எழுதுவேன். என் பங்குக்கு ஒரு வார்த்தைகூடச் சேர்க்க மாட்டேன்.

கனகுவின் அண்ணன்,
உன் மச்சான் சின்னையா