வால்வில் சிக்கிய நாடா

மார்ச் 4

காலை முழுக்க ஒரு பதினாறு சக்கர லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தோம், தம்பியும் நானும். அதில் கியரை லோவிலிருந்து ஹைக்குத் தள்ளுவது காற்று. அந்தக் காற்று எங்கேயோ புஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது. சோப்புத் தண்ணீர் ஊற்றினால் நாலு இடத்தில் நுரை. வால்வைத் தம்பி மாற்றினான், குழாய்களை நான் முடுக்கினேன். மாலையில் வண்டி போயிற்று.

மார்ச் 6



லாரிக்காரன் ஜாக்கிக் கம்பியோடு வந்தான். இறக்கத்தில் லோவுக்கு இழுத்திருக்கிறான். கியர் விழாமல் நியூட்ரலில் தொங்கிவிட்டது. முப்பது டன் சுமை தள்ள, பாறையில் உரசித்தான் வண்டி நின்றதாம். கூட இருந்த அவன் மனைவிக்கு நெற்றியில் ஒன்பது தையல்.

"எவன்டா வேல பாத்தது?"

நான் தம்பியைக் காட்டினேன்.

வால்வு அவன் மாட்டியதுதானே? அப்படித்தான் நினைத்தேன். நினைத்தேனா? கம்பி என் பக்கம் திரும்புமுன் கை நீண்டுவிட்டது — அவ்வளவுதான். முதல் அடி தம்பியின் தோளில். அடுத்தது, தடுத்த வலது மணிக்கட்டில். எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. போதாக்குறைக்கு, லாரிக்காரனிடம் நல்ல பேர் வாங்க நானும் தம்பி கன்னத்தில் ஒன்று வைத்தேன். சீ, நானும் ஒரு அண்ணன்!

மார்ச் 7

லாரியைப் பட்டறைக்கு இழுத்து வந்து போட்டிருக்கிறார்கள். வால்வைப் பிரித்தேன். காற்று கசியாமல் இருக்கக் குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை நாடா, உள்ளே பிய்ந்துபோய்ச் சிக்கிக் கிடந்தது. தம்பி மரைக்குப் பசைதான் தடவுவான். முனைவரை நாடா சுற்றுகிறவன் நான்.

மார்ச் 8

ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஊட்டிவிட்டேன். நாடா விஷயத்தைச் சொல்லவில்லை.

மார்ச் 10

லாரிக்காரன் வீட்டுக்கே போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். குத்தினான், ஒரு பல் போயிற்று. "கூடப் பொறந்தவன அடிக்க விட்டு வேடிக்க பாத்தியேடா!" என்று கீழே தள்ளி மிதித்தான். தையல் போட்ட நெற்றியோடு அந்த அம்மாதான் அவனை இழுத்துப் பிடித்தாள்.

ரத்தம் நிற்குமுன் தம்பியிடம் போனேன். எல்லாம் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"குழாய மாட்டினது நீன்னு எனக்குத் தெரியாதாண்ணே? அவ்வளவு அடியிலயும் நான் உன்னக் காட்டலயே."

ஏப்ரல் 21

தம்பிக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. விரல்கள் மடங்கவில்லை. இனி ஸ்பேனர் பிடிப்பது கஷ்டம் என்கிறார் டாக்டர்.

இன்று வேறொரு லாரி, அதே மாதிரிக் கசிவு. தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து இடம் சொன்னான், நான் கீழே கிடந்து முடுக்கினேன். "இடது பக்கம். இன்னும் கால் சுத்து. போதும்."

மூன்று மணி நேர வேலை. ஒரு தடவைகூட அண்ணே என்று கூப்பிடவில்லை.