மூன்று தரம் அலசிய பாட்டில்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். வெயிலில் கறுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

பவளத்தீவைச் சுற்றிக் கடல்நீர் எடுத்து, நைட்ரேட்டும் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசியும் எவ்வளவு என்று பார்ப்பதுதானே என் வேலை? போன வாரம் ஓரிடத்து நீரில் மட்டும் நைட்ரேட் எகிறிவிட்டது. மேலதிகாரி மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாட்டில ஒழுங்கா அலசினியா?"

"அந்தத் தண்ணியிலேயே மூணு தரம் அலசினேன் மேடம். எங்கப்பா வளர்ப்பு."

அவர் நம்பவில்லை. மறுநாள் அதே இடத்துக்கு அவரே வந்து பாட்டிலை அலசினார். மூன்றாவது அலசலில் அவர் தொப்பியில் சொத்தென்று பறவை எச்சம் விழுந்தது. நிமிர்ந்தால், கரையோர மரமெல்லாம் கடற்பறவைகள். மழை அந்த எச்சத்தைக் கடலில் கழுவிவிட, பாசி அதில் கொழுத்து நீரே பச்சையாகியிருந்தது. அவர் எடுத்த நீரிலும் நைட்ரேட் அதே அளவுதான்.

"உங்கப்பாவ இங்க வேலைக்குக் கூப்பிட்டுக்கலாம்" என்று சிரித்தார்.

பாத்திரம் தேய்க்கத் தேங்காய் நார் கொஞ்சம் அனுப்புங்கள். தம்ளரை இரண்டே தரம் அலசினாலும் இங்கே கேட்க ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் கொஞ்சம் திட்டுங்கள்.

படகு கிளம்புகிறது.

உங்கள் மகள்