சராசரி சரியாக வந்த பஸ்

ஆடி, திங்கள். காற்று.

பட்டு, உன் மஞ்சள் சுடிதாரைத் துவைத்துப் போட்டேன். காற்று பக்கத்து மாடியில் கொண்டுபோய் வீசிவிட்டது.
நாளை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட். மில்லில் லீவு சொல்லியாயிற்று.
ராஜபாளையம் ஸ்டாண்டில் அதே பஸ். ஆள் சேர நின்றுகொண்டே இருக்கிறது. "வாக்கா, இந்தா எடுத்தாச்சு" என்கிறான் கண்டக்டர். எடுக்கவில்லை. டைம்கீப்பர் விசில் அடித்த பிறகு, விட்ட நேரத்தைப் பிடிக்க ஒரே ஓட்டம். காலேஜ் பஸ்ஸுக்கு ரோட்டைக் கடந்த உன்னை அடித்ததும் இந்த ஓட்டத்தில்தான்.

செவ்வாய்.

பஸ் முதலாளியின் வக்கீல் பேப்பரை நீட்டினார். அட்டவணைப்படி ஸ்டாண்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரம், ஊர் சேர்ந்த நேரம். "சராசரி வேகம் முப்பதுதான் ஐயா. அந்தப் பொண்ணுதான் பாக்காம ரோட்டுக்குள்ள வந்திருக்கு."
செத்தவள் மேல் பழி.
எழுந்துவிட்டேன். "நின்ன நேரத்தையும் சேத்துல்லா வகுத்திருக்காக!"
நம் வக்கீல், "உக்காருங்கம்மா, நான் பேசுதேன்" என்றார். பேசவில்லை. வாய்தா.
வழியில் உன் மாமா. "விடுக்கா. மெதுவாத்தான் வந்திருக்காகன்னு கணக்கே சொல்லுதே."
கணக்காம்.

புதன். மில்.

நூல் அறுந்தது, ஒட்டினேன். மறுபடி அறுந்தது. சூப்பர்வைசருக்குச் சந்தோஷம், ஷிப்ட் சராசரி நல்லா இருக்காம். அறுந்த இழைக்கு ஏது சராசரி?
பக்கத்து மிஷின் முத்துமாரி: "இப்பல்லாம் அம்புட்டா அழுறதில்ல மதினி, தேறிட்ட."
இவளும் கூட்டி வகுக்கிறாள்.
காலேஜ் போன புதிதில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய். "யம்மா, மொத்த தூரத்த மொத்த நேரத்தால வகுத்தா சராசரி. அந்த நேரத்தக் குறைச்சுக்கிட்டே வா. ஒரு நிமிசம், ஒரு நொடி, அதுலயும் பாதி. குறையக் குறைய எந்த வேகத்துல போயி நிக்கிதோ, அதுதான் அந்த நொடி வேகம். டிரைவர் முன்னால முள்ளு காட்டுமே, அது. வகைக்கெழுன்னு சொல்லுவாக."
"எனக்கெதுக்குட்டி அது?"
"சும்மா கேளேன்."

வியாழன். காற்று நிற்கவில்லை. உலை வைக்கவில்லை.

பாதி நேரம் நின்ற பஸ் சராசரி முப்பது என்றால், ஓடின பாதியில் அறுபது. எனக்கே தெரிகிறது. அந்த அறுபதும் சராசரிதான்.
நீ சொன்னபடி நேரத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறேன். ஸ்டாண்ட், பாலம், வளைவு, உன் செருப்பு கிடந்த இடம். அதற்கு மேல் போக முடியவில்லை. அந்த நொடியில் நீ மட்டும்தானே இருந்தாய்.
முள் எதில் நின்றது, பட்டு?