பனி உருகினால் வருவாய் என்றேன்

பிரியமுள்ள சாலமோன் அண்ணாவுக்கு,

நீ இறந்து ஒரு வருஷமாகிறது. நேற்றுவரை சித்தூரில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். இனி சபையார் எல்லாருக்கும் தெரியட்டும் என்றுதான் நம் சபைப் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன். அச்சாகுமுன் அம்மாவுக்கு நானே சொல்லியிருப்பேன்.

உன்னை மலைக்குக் கூட்டிப்போன துரையின் கடிதம் வந்த அன்று அண்ணி தன் தங்கையின் பிரசவத்துக்காகத் திருப்பதி போயிருந்தாள். அம்மா என் எதிரில் உட்கார்ந்து படிக்கச் சொன்னாள். நான் மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் வாத்தியார் அல்லவா? முதல் வரியிலேயே விஷயம் புரிந்துவிட்டது. பனிச்சரிவில் நீயும் இரண்டு கூலிகளும் புதைந்துபோனீர்கள், உடலை எடுக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். என் வாய் தானாகப் பேசியது.

"பனி வழிய அடைச்சிக்கிச்சாம்மா. மலைக்கு அந்தாண்ட ஒரு ஊர்ல பத்திரமா இருக்கானாம். அடுத்த கோடையில பனி உருகினா வந்துடுவான்."

பனியைக் கண்ணால் பார்க்காத ஊர் நம்முடையது. அது எப்போது விழும், எப்போது உருகும் என்று யாருக்குத் தெரியும்? எல்லாரும் நம்பினார்கள். அண்ணி திரும்பி வந்து கடிதத்தைக் கேட்டபோது, பள்ளிக்கூட மேஜையில் இருக்கிறது என்று மழுப்பினேன்.

ஞாயிறு ஆராதனையில் பிரயாணிகளுக்காக ஜெபிக்கும்போது பெயர்களை வாசிப்பது என் வேலை. அம்மா கேட்டபடி உன் பெயரையும் சேர்த்தேன். பலமனேர் போனவர், பெங்களூர் போனவர், அப்புறம் நீ. திரும்பி வந்தவர்களின் பெயரை அடித்துவிடுவேன். உன் பெயரை எப்படி அடிப்பது? மனிதரிடம் சொன்ன பொய்யை ஆண்டவரிடமும் வாரந்தவறாமல் சொல்லி, அதற்குச் சபையாரை ஆமென் போட வைத்தேன்.

அப்படி என்னதான் இருந்தது அங்கே? நீ போனது சமையலுக்கு. திருப்பதி மலையைச் சாமி கும்பிடாமலே ஓயாமல் ஏறி இறங்குகிறவன் என்று நைனா இருந்தவரை உன்னைத் திட்டுவார். அந்தக் கால் அரிப்பு இமயமலைவரை இழுத்துப்போயிற்று. தண்ணீர் கொதிக்கிறது, அரிசி வேகவில்லை என்று எழுதினாய். பத்தடி நடந்தால் நெஞ்சு அடைக்கிறது, ஒரு கூலிக்கு விரல்கள் கறுத்து உதிர்ந்தன, இதுதான் கடைசித் தடவை என்றாய். அதே கடிதத்தின் அடியில், விடிகிற வெயில் சிகரத்தில் படுவதைப் பார்த்தால் கீழே இறங்கக் கால் வருவதில்லை என்றும் எழுதினாய். நாங்கள் எதை நம்புவது?

கோடை வந்துவிட்டது, அண்ணா. சந்தைக்கு மாங்காய் வந்துவிட்டது. அம்மா உன் வேட்டிகளைத் துவைத்து மடித்து வைத்துவிட்டாள். நான் சொன்ன தவணை முடிந்துவிட்டது. போன வாரம் திருப்பதியிலிருந்து அண்ணியின் அப்பா வந்தார். மனைவியை இழந்த வாத்தியார் ஒருவர் அவளைக் கேட்கிறாராம், உன் சங்கதி நிச்சயமாகத் தெரிந்தால் தேவலை என்றார். அண்ணி கொதித்துப்போனாள்.

"அவரு உசிரோட இருக்கசொல்ல இன்னா பேச்சு இது?"

கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். இருபத்துநாலு வயதுப் பெண்ணை ஒரு பொய்யில் பூட்டிச் சாவியை என் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன் என்று அன்றுதான் உறைத்தது.

நேற்றுக் காலை அம்மா சபைக் கோயிலைக் கூட்டப் போயிருந்தபோது அண்ணியிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. கடிதத்தைக் கேட்டாள். கொடுத்தேன். போர்டிங்கில் படித்த இங்கிலீஷை வைத்து, விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"கீழ் கூடாரத்துலயே இருன்னுதான் துரை சொல்லியிருக்காரு. இவரா கேட்டுகினு மேல போயிருக்காரு."

அந்த ஒரு வரிக்காகத்தான் முழுக் கடிதத்தையும் ஒளித்தேனோ என்னவோ. நீ செத்ததைக்கூடத் தாங்கிக்கொள்வேன். வீட்டில் நாங்கள் இருந்தும் நீயாகக் கேட்டுப் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஒரு வருசம்," என்றாள். "தெனம் அவருக்கும் சேத்துதான் உலை வெச்சேன். நீ பாத்துகினுதானே இருந்தே, தானி?"

மன்னிப்புக் கேட்டேன். அவள் தன் அப்பாவுக்கு எழுத ஒரு கார்டு வாங்கி வரச் சொன்னாள். கல்யாணத்துக்கு இல்லை, திருப்பதியில் கொஞ்சநாள் இருந்துவிட்டு வர என்றாள். அதற்கு முன் அம்மாவிடம் நான் சொல்லும்போது தானும் கூட உட்காருவதாகச் சொன்னாள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அம்மா இப்போது உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். சாப்பிட்டு முடித்ததும் கூப்பிடுவேன். இந்தத் தடவை கடிதத்தை உள்ளபடியே படிப்பேன், அண்ணா. ஒரு வரியையும் விடமாட்டேன், நீயாகக் கேட்டுப் போனாய் என்கிற வரியையும்.

உன்மேல் கோபம் தீராத, உன்னை விட்டால் வேறு அண்ணன் இல்லாத தம்பி,
தானியேல்